டாலஸ் காலேஜில் தொடங்கி யுடி டாலஸுக்கு மாறுவது: ஏழு வளாகத்தில் எது என்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: டெக்சாஸில் இர்விங்கில் இருக்கிறோம். மகள் எச்-4 விசாவில் இருக்கிறாள், இந்த மே மாதம் ஹைஸ்கூல் முடிக்கிறாள். டாலஸ் காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு யுடி டாலஸில் (டெக்சாஸ் பல்கலைக்கழகம், டாலஸ்) கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறினால் செலவு பாதியாகும் என்கிறார்கள். உண்மையா? ஏழு வளாகங்களில் எதில் சேர்ப்பது?

பதில்:

வளாகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் வீடு எந்தக் கவுண்டியில் இருக்கிறது, எந்த எண்ணுள்ள பாடத்தை எடுக்கிறாள், எந்தத் தேதிக்குள் காகிதம் போகிறது என்ற மூன்றும் சரியாக இருந்தால்தான் குறையும். ஒன்று தவறினாலும் மிச்சம் பிடித்த பணம் மூன்றாவது வருடத்தில் கரைந்துவிடும்.

முதலில் இந்தக் கல்லூரி என்ன மாதிரி என்பதைச் சொல்லிவிடுகிறேன். டாலஸ் கவுண்டி மக்கள் 1965-இல் வாக்களித்து உருவாக்கிய பொதுக் கல்லூரி மாவட்டம் இது. முதல் கல்லூரியான எல் சென்ட்ரோ 1966-இல் நகர மையத்தில், சாங்கர் டிபார்ட்மென்ட் ஸ்டோர் இயங்கிய பழைய கட்டடத்தில் திறந்தது. 1970-இல் ஈஸ்ட்ஃபீல்டும் மவுண்டன் வியூவும், 1972-இல் ரிச்லாண்டும், 1977-இல் சீடர் வேலியும் உங்கள் ஊர் நார்த் லேக்கும், 1978-இல் புரூக்ஹேவனும் வந்தன. இந்த ஏழும் தனித்தனி அங்கீகாரம் பெற்ற தனித்தனிக் கல்லூரிகளாகவே நெடுங்காலம் இருந்தன. அதில் மாணவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. பட்டம் தரும் கல்லூரியில் குறைந்தது கால் பங்கு, அதாவது 60 கிரெடிட்டில் 15, படித்திருக்க வேண்டும் என்பது அங்கீகார அமைப்பின் விதி. ஐந்தாறு இடங்களில் கிடைத்த வகுப்பை எடுத்துப் படித்தவர் மொத்தம் 60 முடித்திருந்தும் எந்தக் கல்லூரியிலும் 15 எட்டாமல் நிற்கக்கூடும். 2020-இல் ஏழும் இணைந்து ‘டாலஸ் காலேஜ்’ என்ற ஒரே நிறுவனமாகிவிட்டன. இப்போது ஒரே அங்கீகாரம், ஒரே டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்). திங்கள் புதன் நார்த் லேக்கில், செவ்வாய் வியாழன் புரூக்ஹேவனில், ஒரு பாடம் ஆன்லைனில் என்று எடுத்தாலும் எல்லாம் ஒரே பட்டியலில் ஏறும். ‘எந்த வளாகம் நல்ல பெயர் உள்ளது’ என்று பத்து வருடத்துக்கு முன் படித்தவர்கள் சொல்லும் கணக்கு இன்று பொருந்தாது.

அடுத்து கவுண்டி எல்லை. கல்லூரிக்கு மாநில நிதியும் மாணவர் கட்டணமும் போக, டாலஸ் கவுண்டியின் சொத்துவரியிலிருந்து பெரும் பங்கு வருகிறது. வீட்டு வரி ரசீதைப் பார்த்தால் கவுண்டி, நகரம், பள்ளி மாவட்டத்தோடு கல்லூரிக்கென்று தனி வரி இருக்கும். அதனால்தான் கட்டணம் மூன்று அடுக்கு: கவுண்டிக்குள் வசிப்பவர், டெக்சாஸின் வேறு கவுண்டியில் வசிப்பவர், வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும். 2020-இல் பாடப்புத்தகச் செலவையும் சேர்த்து கிரெடிட் ஒன்றுக்கு 79, 135, 200 டாலர் என்று வைத்தார்கள். கட்டணம் அவ்வப்போது திருத்தப்படும். இன்றைய எண்ணைக் கல்லூரித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது அடுக்குகளுக்கு இடையேயான இடைவெளி. அந்த 2020 கட்டணப்படி 60 கிரெடிட்டுக்கு உள்ளூர் மாணவர் கட்டியது 4,740 டாலர், மூன்றாம் அடுக்கில் இருப்பவர் கட்டியது 12,000 டாலர்.

நம் ஆட்கள் இருக்கும் பகுதிகளில் இந்த எல்லை குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. இர்விங் முழுக்க டாலஸ் கவுண்டி, கவலையில்லை. கேரல்டன் டாலஸ், டென்டன், காலின் மூன்று கவுண்டிகளிலும் பரவிக் கிடக்கிறது. தபால் முகவரியில் டாலஸ் என்று இருந்தும் வீடு காலின் கவுண்டியில் இருக்கலாம். ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் காலின் கவுண்டிக்காரர்களுக்குக் காலின் காலேஜ்தான் உள்ளூர்க் கல்லூரி. ஊர்ப் பெயரை நம்பாமல் எந்தக் கவுண்டி உங்களுக்குச் சொத்துவரி போடுகிறது என்று பாருங்கள், அல்லது வாடகை வீட்டின் முகவரியைக் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத் தளத்தில் தேடுங்கள். வெளிக்கவுண்டியில் வசித்துக்கொண்டு டாலஸ் கவுண்டியில் வரி கட்டும் சொத்து வைத்திருப்பவருக்கு உள்ளூர்க் கட்டணம் தர மாநிலச் சட்டம் கல்லூரிக்கு அனுமதி தருகிறது. வாடகைக்கு விட்ட வீடு அங்கே இருந்தால் பதிவுப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம்.

இனி எச்-4. உங்கள் குடும்பத்துக்கு முக்கியமான பகுதி இதுதான்.

எச்-4-இல் இருப்பவர், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரைச் சார்ந்தவர், அமெரிக்காவில் முழுநேரம் படிக்கத் தடையில்லை. டெக்சாஸில் எச்-1பி, எச்-4 இரண்டுமே நிலையான வசிப்பிடம் ஏற்படுத்திக்கொள்ள அனுமதிக்கப்பட்ட விசா வகைகள். பெற்றோரில் ஒருவர் சென்சஸ் தேதிக்கு (16 வார செமஸ்டரில் 12-ஆவது வகுப்பு நாள்) முந்தைய 12 மாதங்களும் டெக்சாஸில் வசித்து, வேலை, சொந்த வீடு போன்ற ஆதாரம் காட்டினால், அவரைச் சார்ந்த பிள்ளை மாநிலத்தவராகவே கணக்கிடப்படுவார். ஆனால் விண்ணப்பத்தில் ‘அமெரிக்கக் குடிமகனா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டதும் மூன்றாம் அடுக்குக் கட்டணத்தில் தள்ளப்படுவது சாதாரணமாக நடக்கிறது. பில் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. விண்ணப்பத்தின் வசிப்பிடக் கேள்விகளை அவசரமாகத் தாண்டாமல், சார்ந்திருப்பவர் என்று குறித்து, பெற்றோரின் விவரத்தை முழுமையாக நிரப்புங்கள். கூடவே மகளின் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), எச்-4 ஒப்புதலின் ஐ-797 (குடிவரவுத் துறையின் ஒப்புதல் கடிதம்), பெற்றோரின் ஐ-797, வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுப் பத்திரம், 12 மாதத்தைக் காட்டும் சம்பள அல்லது வேலைச் சான்று ஆகியவற்றைக் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் பரவாயில்லை. பார்க்கப்படுவது ஐ-94-இல் உள்ள தேதி. நீட்டிப்பு ஐ-797-இன் அடியில் வந்த புதிய ஐ-94-ஐக் கொடுக்காமல், விமான நிலையத்தில் வந்த பழையதைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் அலைவோர் உண்டு.

கூட்டரசின் எஃப்ஏஎஃப்எஸ்ஏ உதவித்தொகை எச்-4-க்குக் கிடையாது. அதை நம்பி வரவு செலவு போடாதீர்கள். தவணைத் திட்டத்தில் கட்டலாம். பணமும் கட்டாமல் தவணையிலும் சேராமல் விட்டால் கெடு நாளன்று பதிவு செய்த வகுப்புகளிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். திரும்பப் பதிவதற்குள் நல்ல நேரத்து வகுப்புகள் நிரம்பியிருக்கும்.

இன்னொன்று, மகளுக்கு 21 வயது முடியும் நாள். 18-இல் தொடங்குபவர் யுடி டாலஸுக்கு மாறி நிற்கும் சமயத்தில்தான் அது வரும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எச்-4 முடிந்துவிடும், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்தின் ஐ-20 என்ற சேர்க்கைச் சான்று வாங்கி, பிறந்தநாளுக்கு முன்பே ஐ-539 என்ற விசா நிலை மாற்ற விண்ணப்பம் போட வேண்டும். எஃப்-1 வந்ததும் செமஸ்டருக்கு 12 கிரெடிட் கட்டாயம், அந்தக் கணக்கில் ஆன்லைன் பாடம் ஒன்று மட்டுமே சேரும். கட்டண வகைப்பாடும் அப்போது மறுபடி பார்க்கப்படலாம். அதனால் அந்தத் தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்து, ஓராண்டு முன்னதாக ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் பல்கலைக்கழகப் பதிவாளரிடமும் பேசிவிடுங்கள்.

இனிப் பாட எண்கள். அதிகமான பிழை நடப்பது இங்கேதான்.

டெக்சாஸின் பொதுக் கல்லூரிகள் ஒரே பாட எண் முறையைப் பயன்படுத்துகின்றன. இங்கிலீஷ் 1301 என்றால் முதல் இலக்கம் 1 முதலாண்டுப் பாடம் என்பதையும், இரண்டாம் இலக்கம் 3 மூன்று கிரெடிட் என்பதையும் சொல்கிறது. மேத் 2413 இரண்டாம் ஆண்டு நிலை, நான்கு கிரெடிட். இது தெரிந்தால் பட்டியலைப் பார்த்தே பாதி புரிந்துவிடும்.

பாடங்களில் இரு வகை உண்டு. பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான கல்விப் பாடங்கள் ஒன்று, நேராக வேலைக்குப் போவதற்கான தொழிற்பாடங்கள் இன்னொன்று. கம்ப்யூட்டரில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதால்தான் ஆபத்து. சிஓஎஸ்சி என்று தொடங்கும் 1436, 1437, 2436 ஆகியவை மாறக்கூடிய புரோகிராமிங் பாடங்கள். ஐடிஎஸ்இ, ஐடிஎஸ்சி என்று தொடங்குபவை தொழிற்பாடங்கள். இரண்டிலும் அதே ஜாவாவோ பைத்தானோ சொல்லித்தருவார்கள், சில நேரம் ஆசிரியரும் ஒருவரே. ஆனால் ஐடிஎஸ்இ-யில் ஏ வாங்கிப் போனாலும் யுடி டாலஸ் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்துக்குள் அது போய் உட்காராது. பட்டத்தின் பெயரிலும் இதே வேறுபாடுதான்: ‘அசோசியேட் ஆஃப் சயின்ஸ்’ மாறுவதற்கானது, ‘அசோசியேட் ஆஃப் அப்ளைட் சயின்ஸ்’ வேலைக்கானது. வேலைதான் வேண்டும் என்பவருக்கு இரண்டாவது நல்ல பட்டம். உங்கள் மகளுக்கு அது தப்பான கதவு.

கல்விப் பாடங்களுக்குள்ளும் ஒரே பெயரில் இரண்டு தரம் உண்டு. பிசிக்ஸ் 1401 அல்ஜீப்ராவோடு நிற்பது. இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு வேண்டியது கால்குலஸ் அடிப்படையிலான 2425, 2426. மேத் 1325 வணிகத்துக்கான கால்குலஸ். அதை எடுத்துவிட்டு ‘கால்குலஸ் முடித்தேன்’ என்று போனால் 2413-ஐ முதலிலிருந்து படிக்கச் சொல்வார்கள். மருத்துவம் பக்கம் போகிறவர்களுக்கு இதேபோல பயாலஜி 1408 அல்ல, 1406. கெமிஸ்ட்ரி 1405 அல்ல, 1411. கவுன்சிலர் ‘சயின்ஸ் கிரெடிட் வந்துவிடும்’ என்று சொல்வது பொய்யில்லை. பொதுக் கல்விக் கணக்கில் வரும், மேஜர் என்ற முதன்மைப் பாடத்துக்கு உதவாது.

பொதுக் கல்விக்கு மாநிலம் வகுத்த 42 கிரெடிட் ‘கோர்’ இருக்கிறது: கம்யூனிகேஷன் 6, கணிதம் 3, அறிவியல் 6, மொழி-தத்துவம்-பண்பாடு 3, கலை 3, அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6, சமூக அறிவியல் 3, கல்லூரி தன் விருப்பப்படி வைப்பது 6. இதை முழுதாக முடித்து டிரான்ஸ்கிரிப்டில் ‘கோர் கம்ப்ளீட்’ என்ற குறிப்போடு போனால், எந்தப் பொதுப் பல்கலைக்கழகமும் தன் கோருக்குப் பதிலாக அதை ஒட்டுமொத்தமாக ஏற்க வேண்டும். ஒரு பாடம் மிச்சம் வைத்துப் போனாலும் அந்த மொத்த ஏற்பு இல்லை, விடுபட்ட பகுதியைப் பல்கலைக்கழகத்தின் விதிப்படி அதன் கட்டணத்தில் முடிக்க வேண்டியிருக்கும். மாறும் செமஸ்டருக்கு முன் அந்தக் குறிப்பு ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு டிரான்ஸ்கிரிப்ட் அனுப்புங்கள். கடைசி செமஸ்டர் மதிப்பெண் ஏறும் முன் அனுப்பினால் குறிப்பு இருக்காது.

பள்ளியில் ஏபி என்ற கல்லூரி நிலைத் தேர்வு எழுதியிருந்தால் அந்த மதிப்பெண்ணைத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து டாலஸ் காலேஜுக்கும் யுடி டாலஸுக்கும் தனித்தனியே அனுப்புங்கள். ஏபி-யில் கிடைத்த இங்கிலீஷ் 1301-ஐத் திரும்ப எடுப்பது காசையும் நேரத்தையும் வீணாக்குவது. ஒரு பொறி: ஏபி யுஎஸ் கவர்ன்மென்ட் தேர்வு, கவர்ன்மென்ட் 2305 பாடத்துக்கு மட்டும்தான் ஈடு. டெக்சாஸ் அரசமைப்பு உள்ள 2306-ஐப் படித்தே ஆக வேண்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஒழுங்கான வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். முதல் ஃபாலில் மேத் 2413, சிஓஎஸ்சி 1436, இங்கிலீஷ் 1301, ஹிஸ்டரி 1301, மொத்தம் 14. ஸ்பிரிங்கில் மேத் 2414, சிஓஎஸ்சி 1437, பிசிக்ஸ் 2425, இங்கிலீஷ் 1302, மொத்தம் 15. அடுத்த ஃபாலில் பிசிக்ஸ் 2426, சிஓஎஸ்சி 2436, மேத் 2305 என்ற டிஸ்கிரீட் மேத், கவர்ன்மென்ட் 2305, மொத்தம் 14. கடைசி ஸ்பிரிங்கில் மேத் 2318 என்ற லீனியர் அல்ஜீப்ராவும் கோரில் மிச்சமிருப்பவையும். அப்போதும் கோரில் ஒன்றிரண்டு தொங்கும், அவற்றைக் கோடையில் முடிக்கலாம். முதுகெலும்பு மேத் 2413. ப்ரீகால்குலஸ் 2412-இல் தொடங்க வேண்டியிருந்தால் பிசிக்ஸும் தள்ளிப்போகும், மொத்தமும் ஒரு செமஸ்டர் நீளும். இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். யுடி டாலஸ் தன் தளத்தில் மாறி வருபவர்களுக்கென்று வெளியிடும் பாடத்திட்டத்தை அந்த ஆண்டுக்குரியதாக இறக்கி, அதில் உள்ள எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சேரும் கல்லூரி ஆலோசகரை விட, போகப்போகும் பல்கலைக்கழகத்தில் மாறி வருபவர்களுக்கான ஆலோசகர் சொல்வதற்கே எடை அதிகம். இருவரிடமும் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு பின்னால் உதவாது. கம்யூனிட்டி காலேஜிலிருந்து பல்கலைக்கழகம் ஏற்க வேண்டிய அளவு 66 கிரெடிட் வரைதான். அதற்கு மேல் அங்கேயே படித்துக் குவிப்பதில் லாபமில்லை.

சேர்வதற்கு முன் டிஎஸ்ஐ என்ற தகுதித் தேர்வு. எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வில் ஆங்கிலப் பகுதியில் 480, கணிதத்தில் 530 இருந்தால் விலக்கு, ஐந்தாண்டு செல்லும். இல்லாவிட்டால் தேர்வில் கணிதத்துக்கு 950, மொழிக்கு 945-ம் கட்டுரையில் 5-ம் வேண்டும். தேர்வுக்கு முன் ஆன்லைனில் ஒரு முன்தயாரிப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், அதை விட்டுவிட்டுத் தேர்வு மையத்தில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். டிஎஸ்ஐ தேறியதாலேயே கால்குலஸில் உட்கார வைத்துவிட மாட்டார்கள், 2412 படித்ததையோ அதற்கு ஈடான தகுதியையோ காட்ட வேண்டும்.

22 வயதுக்குட்பட்டவர் நேர்வகுப்பில் சேர மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம்: கடந்த ஐந்தாண்டுக்குள் போட்டிருக்க வேண்டும், வகுப்பு தொடங்க 10 நாள் முன்னதாகவாவது. 16 வயதில் போடும் பூஸ்டர் போதும், டாக்டரிடம் சீட்டு வாங்கினால் முடிந்தது.

தேதிகளில் முக்கியமானது சென்சஸ் தேதி, 16 வார செமஸ்டரில் 12-ஆவது வகுப்பு நாள். அதற்கு முன் விட்ட பாடம் டிரான்ஸ்கிரிப்டில் ஏறாது. அதற்குப் பின் விட்டால் ‘டபிள்யூ’ விழும், பட்டப்படிப்புக் காலம் முழுவதற்கும் மாநிலம் அனுமதிக்கும் ஆறு விலகல்களில் ஒன்று போகும். எல்லாப் பொதுக் கல்லூரிகளுக்கும் சேர்த்தே ஆறு. பணம் திரும்பக் கிடைப்பது வேறு கணக்கு: வகுப்பு தொடங்கும் முன் முழுத்தொகை, முதல் 15 வகுப்பு நாட்களுக்குள் 70 சதவீதம், 16 முதல் 20-ஆம் நாள் வரை 25 சதவீதம், பிறகு ஒன்றுமில்லை. 8 வார வகுப்புகளுக்கு இந்த நாட்கள் எல்லாம் சுருங்கும். 8 வாரத்தில் ஹிஸ்டரி, கவர்ன்மென்ட் எடுக்கலாம். கால்குலஸையும் பிசிக்ஸையும் அதில் எடுப்பது தற்கொலைக்குச் சமம். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் இரண்டு அத்தியாயம் போய்விடும். ஒரே பாடத்தை மூன்றாம் முறை எடுத்தால் கூடுதல் கட்டணமும் உண்டு.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யுடி டாலஸ் முதலாண்டு மாணவர்களுக்குத் தரும் பெரிய மெரிட் ஸ்காலர்ஷிப்கள் மாறி வருபவர்களுக்குக் கிடைக்காது. மகளுக்கு எஸ்ஏடி மதிப்பெண் நன்றாக இருந்தால் முதலில் ஃப்ரெஷ்மேனாக விண்ணப்பித்து என்ன தருகிறார்கள் என்று பாருங்கள். அது கட்டணத்தில் பெரும் பகுதியை அடைத்தால், கம்யூனிட்டி காலேஜ் வழியில் மிச்சப்படுத்த ஒன்றும் இல்லை. வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு மாநிலம் தரும் தானியங்கிச் சேர்க்கை உரிமையும் ஃப்ரெஷ்மேனுக்குத்தான், பள்ளி முடித்தபின் வேறு கல்லூரியில் முறையாகச் சேர்ந்துவிட்டால் மாறி வரும் மாணவர் வரிசைக்குப் போய்விடுவார். பள்ளியில் படிக்கும்போதே எடுத்த டூயல் கிரெடிட் இதைப் பாதிக்காது. இடைவழியும் இருக்கிறது: யுடி டாலஸில் சேர்ந்துவிட்டு, ஹிஸ்டரி, கவர்ன்மென்ட், கலைப் பாடம் போன்றவற்றைக் கோடைதோறும் டாலஸ் காலேஜில் எடுத்து மாற்றிக்கொள்வது. முன்கூட்டியே பல்கலைக்கழகத்தின் சம்மதம் வாங்கிவிட்டால் அதில் சிக்கல் குறைவு. ஸ்காலர்ஷிப் இல்லாத, ஆனால் படிப்பில் ஒழுங்கான பிள்ளைகளுக்கு இரண்டு வருட வழி நல்லது. முதல் இரண்டு வருடக் கணிதத்தைச் சிறிய வகுப்பில், பாடம் நடத்துவதையே முழுவேலையாகக் கொண்ட ஆசிரியரிடம் கற்பது லேசான விஷயமில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அங்கே போவதில்லை என்று வாட்ஸாப் குழுவில் பேசுபவர்களை விட்டுத்தள்ளுங்கள்.

கடைசியாக வளாகம். முதலாண்டில் நார்த் லேக்கே போதும். இங்கிலீஷ், ஹிஸ்டரி, முதல் கால்குலஸ் போன்ற, கூட்டம் அதிகமுள்ள பாடங்களுக்கு ஊர் தாண்ட வேண்டியிருக்காது. இரண்டாம் ஆண்டில்தான் தேட வேண்டியிருக்கும். சிஓஎஸ்சி 2436, பிசிக்ஸ் 2426, டிஸ்கிரீட் மேத் மாதிரியான பாடங்கள் எல்லா வளாகத்திலும் எல்லா செமஸ்டரிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆள் சேராவிட்டால் வகுப்பையே ரத்து செய்வார்கள். அட்டவணை வெளியானதும் வளாகத்தைத் தேர்வு செய்யாமல் பாட எண்ணை மட்டும் போட்டு ஏழிலும் தேடுங்கள், பதிவு திறக்கும் நாளிலேயே இந்த மூன்றையும் முதலில் பிடித்துவிட்டு மற்றவற்றை அவற்றைச் சுற்றி அமையுங்கள். நார்த் லேக்கிலிருந்து ரிச்லாண்டுக்கு 635 நெடுஞ்சாலையில் மாலை நேரத்தில் போவது சுலபமில்லை, அதனால் ஒரே நாளில் இரண்டு வளாகம் வைக்க வேண்டாம். கார் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்: நார்த் லேக் வளாகத்துக்கென்றே டார்ட் (டாலஸ் பகுதிப் பொதுப் போக்குவரத்து) ஆரஞ்சு லைனில் ஒரு நிலையம் இருக்கிறது, அதே ரயிலில் வெஸ்ட் எண்டில் இறங்கினால் எல் சென்ட்ரோ நடக்கும் தூரம். போதிய கிரெடிட் எடுக்கும் மாணவர்களுக்கு டார்ட் பாஸைக் கல்லூரியே தருகிறது, பதிவு முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.